அரைமணி நேரக் கூலி

புதுக் குளியலறை கட்டி முடித்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது. ஒழுகலை முதலில் கண்டுபிடித்தது அம்மாவின் கால். காலையில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தவள், "ஏப்பா, பேசினுக்குக் கீழ தரை மட்டும் சில்லுன்னு இருக்கு, என்னான்னு பாரு" என்றாள். போய்ப் பார்த்தேன். டைல்ஸ் பளபளவென்று இருந்தது. ஈரம் எதுவும் கண்ணில் படவில்லை. "காஞ்சுதாம்மா இருக்கு" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. வலது பாதத்தை ஓரிடத்தில் வைத்தாள், இரண்டடி தள்ளி மறுபடி வைத்தாள், என் முகத்தைப் பார்த்தாள். எழுபத்தொன்பது வயதுவரை வீட்டுக்குள் செருப்புப் போடாத கால் அது. நானும் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டில் மட்டும் நூலளவு குளிர்ச்சி ஓடியது.

அந்தக் குளியலறையே அவளுக்காகக் கட்டியதுதான். மதுரையில் எங்களுடையது பழைய வீடு. குளிப்பதும் மற்றதும் கொல்லைப்புறத்தில். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கொல்லைப்படியில் சறுக்கி விழுந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் வீட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அவள் படுக்கும் அறையை ஒட்டிச் சுவரை உடைத்து ஒரு குளியலறை, பிடித்துக்கொள்ளக் கம்பி, அவள் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்த ஒரு வாஷ்பேசின். குழாய்கள் வெளியே தெரியக் கூடாதென்று பேசினுக்கு அடியில் பிளைவுட்டில் கதவு வைத்த ஒரு பெட்டியும் செய்யச் சொன்னேன். அன்று அந்தக் கதவைத் திறந்ததும் நனைந்த கோணிச்சாக்கின் வாடை வந்தது. அடிப்பலகை ஒரு மூலையில் உப்பியிருந்தது. பழைய வீட்டில் கரையான் எங்காவது சுவருக்குள் இருந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு வேண்டியது இருட்டும் ஈரமும். இரண்டும் அந்தப் பெட்டிக்குள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

ஒரு வீட்டுக்குள் இரண்டு விதமான தண்ணீர் ஓடுகிறது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கி வருவது ஒன்று. குழாய் மூடியிருந்தாலும் அது இராப்பகலாக உள்ளிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் எங்கே இடைவெளி விட்டாலும் சீறிக்கொண்டு வெளியே வந்து, தான் வந்ததைச் சொல்லிவிடும். மற்றது கழுவி முடித்துப் போகிற தண்ணீர். அதற்குப் பின்னால் தள்ளுவதற்கு யாரும் இல்லை. தன் எடையால்தான் இறங்குகிறது. யாராவது கை கழுவினால் வரும், சில நொடிகளில் போய்விடும், பிறகு குழாய் வெறுமனே கிடக்கும். இந்தப் பக்கம் ஒழுகல் இருந்தால் ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் பின்தங்கும். நாம் துண்டில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு அது மெதுவாகக் கீழே இறங்கும். ஆளில்லாத நேரத்தில் சொட்டுவதால்தான் அதை யாரும் பார்ப்பதில்லை. அன்று ஓர் எவர்சில்வர் டம்ளரைப் பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் காலையில் முக்கால் டம்ளர் தண்ணீர் இருந்தது. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு முக்கால் டம்ளர் என்றால் பதினேழு நாளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டபோது, உப்பிய பலகையைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

ஒழுகுகிறது என்பது தெரிந்துவிட்டது. எங்கே ஒழுகுகிறது என்பது அவ்வளவு சுலபமாகத் தெரிவதில்லை. தண்ணீர் கசிகிற இடத்திலேயே சொட்டாது. பொருளோடு ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. ஓரிடத்தில் வெளியே வந்து, குழாயின் வெளிப்புறத்தைத் தழுவியபடியே இறங்கி, எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்துக்கு வந்த பிறகுதான் சொட்டாகத் திரண்டு விழும். எங்கள் பேசினுக்கு அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று இணைப்புகள். பீங்கானின் துளைக்குள் இறங்கும் வேஸ்ட் கப்ளிங் ஒன்று. அதற்குக் கீழே குடுவை மாதிரித் தொங்கும் பாட்டில் ட்ராப். அதிலிருந்து சுவருக்குள் போகிற குழாய். சொட்டு விழுந்தது பாட்டில் ட்ராப்பின் அடியிலிருந்து. அதைப் பார்த்துவிட்டு ட்ராப்பைக் குற்றம் சொல்லியிருந்தால், ஒரு பாவமும் செய்யாத பொருளை மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருப்பேன்.

செய்தித்தாளைக் கிழித்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பட்டையாகச் சுற்றினேன். காய்ந்த தாள் மாதிரி நேர்மையான சாட்சி கிடையாது. ஒரு துளி பட்டாலும் கறுத்துக் காட்டும். குழாயை நன்றாகத் துடைத்துவிட்டு மேலிருந்து கீழாகச் சாக்பீஸால் ஒரு கோடும் இழுத்தேன். முதலில் பேசினின் வாயை அடைத்து, பாதி அளவு தண்ணீர் நிரப்பி, சும்மா நிற்கவிட்டேன். கால்மணி நேரமாகியும் தாள் நனையவில்லை. பிறகு அடைப்பை எடுத்தேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. எல்லாம் போய் முடிந்து ஒரு நிமிடம் கழித்து, எல்லாவற்றுக்கும் மேலே சுற்றியிருந்த தாளின் ஓரம் மெல்லக் கறுத்தது. கப்ளிங்கைக் கீழிருந்து பிடித்திருக்கும் செக் நட்டுக்கு அடியில். டார்ச் அடித்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். நட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த மரைகளில் இரண்டு மூன்று மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தன. எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு அதிகம். ஒழுகிய தண்ணீர் காய்ந்துபோய்விட்டது. அது வந்த தடத்தை உப்பு காட்டிக்கொடுத்தது.

இடம் தெரிந்ததும் யாருக்கும் வருகிற புத்திதான் எனக்கும் வந்தது. ஸ்பேனரை எடுத்து நட்டை இன்னும் கால் சுற்று இறுக்கினேன். அன்று ராத்திரி டம்ளர் முழுசாக நிரம்பியிருந்தது. இறுக்க இறுக்க நின்றுவிடும் என்று எண்ணியது அதிகமாகவே போனது. ஏன் என்று அப்போது புரியவில்லை. நட்டுக்கும் பீங்கானுக்கும் நடுவே இருந்த ரப்பர் வாஷர் ஒரு பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு வந்திருந்ததைக் காலையில் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பேசினின் மேற்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது. அடிப்பக்கத்தில் விரலை வைத்துத் தடவினால் சொரசொரவென்று, மெருகு போடாத மண்ணாகவே இருக்கும், சமமாகவும் இருக்காது. சூளையில் வெந்து வருகிற எதுவும் கொஞ்சம் வளைந்துதான் வரும். கப்ளிங்கோ பித்தளையில் கடைந்தது. சூளையில் வளைந்த மண்ணையும் கடைசலில் நேரான பித்தளையையும் எவ்வளவு அழுத்தி வைத்தாலும் நடுவில் தண்ணீர் போக இடம் இருந்துகொண்டுதான் இருக்கும். அந்த இடத்தை நிரப்புவது வலு இல்லை. நசுங்கிக் கொடுத்து, பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஒதுங்கி, இரண்டு பக்கத்து மேடுபள்ளத்தையும் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும் மெத்தென்ற ஒன்று அதை நிரப்புகிறது. ரப்பர், நூல், மெழுகு, சிலிக்கான் எல்லாம் அந்த வேலைக்கு வந்தவை. ஓரளவுக்கு மேல் அழுத்தினால் ரப்பரும் தன் இடத்தை விட்டுப் பிதுங்கிவிடும். அதற்கும் மேலே அழுத்தினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

இதை நான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "புதுச் சட்டிய வாங்கிட்டு வந்து அன்னைக்கே அடுப்புல ஏத்துவாங்களா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் சட்டி பழக்குவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். சந்தையில் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். கணீரென்று கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப் போடுவாள். பிறகு வடிகஞ்சியை ஊற்றி வைப்பாள். சுட்ட மண்ணின் நுண்ணிய துளைகளில் கஞ்சி போய் அடைந்துகொள்ளும். சிறு தீயில் ஒரு தடவை காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி காய்ச்சி, சட்டியின் வெளிப்பக்கம் வேர்க்காமல் இருப்பதைக் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் குழம்பு. இத்தனையும் ஒரு மண்சட்டிக்கு. அந்தப் பேசினை, சிமெண்ட் காயாத அன்றைக்கே, சாயங்காலமே நாங்கள் புழங்க ஆரம்பித்திருந்தோம்.

பேசினை மாட்டிய தம்பியைப் போன் பண்ணி வரச் சொன்னேன். முப்பது வயது இருக்கும். டம்ளரையும் தாளையும் காட்டினேன். சண்டை போடக் கூப்பிடவில்லை என்று புரிந்ததும் அவருடைய தோள் தளர்ந்தது. கீழே பழைய துணியை விரித்து மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். "யார்ணே இதை இறுக்குனது?" என்றார். "நான்தான் தம்பி." "இனிமே இறுக்காதீங்கண்ணே. பீங்கான் போயிரும்."

அடியில் வாளியை வைத்து ட்ராப்பைக் கழற்றினார். நட்டைத் தளர்த்தி, மேலிருந்து கப்ளிங்கை வெளியே எடுத்தார். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதன் உடம்பில், தட்டுக்குக் கீழே, இரண்டு பக்கமும் நீளமான சன்னல் மாதிரிப் பிளவுகள். "இது ஹாஃப் த்ரெட்டுண்ணே. உங்க பேசினுக்கு இது ஆகாது" என்றார். சில பேசின்களில் மேல் விளிம்பை ஒட்டி ஒரு சின்னத் துளை இருக்கும்; குழாயை மூட மறந்துவிட்டால் நிரம்பி வழியாமல் தண்ணீர் அது வழியாக உள்ளே இறங்கும். அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்ளத்தான் கப்ளிங்கில் இந்தப் பிளவு. எங்களுடைய பேசினில் அந்தத் துளையே கிடையாது. துளை இல்லாத பேசினுக்கு முழுக்க மரை வெட்டிய, பிளவில்லாத ஃபுல் த்ரெட் கப்ளிங் போட வேண்டும். இங்கே பிளவுக்கு உள்ளே வரத் தண்ணீர் எதுவும் இல்லை. ஆகவே வெளியே போக அது வழி விட்டிருக்கிறது. இறங்குகிற தண்ணீரில் கொஞ்சம் பிளவு வழியாகத் தெறித்து, பித்தளைக்கும் பீங்கானுக்கும் நடுவில் தேங்கியிருக்கிறது. அங்கிருந்து கீழே போக அதற்கு மரை கிடைத்துவிட்டது.

மரை என்பது ஒரு சாய்வான பாதையை உருளையின் மேல் சுற்றி வைத்ததுதான். நட்டு ஏறுவதற்காக வெட்டிய அந்தப் பாதையில் தண்ணீரும் இறங்கும். ரப்பர் வாஷர் பீங்கானோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. மரையின் பள்ளத்துக்குள் அதனால் போக முடியவில்லை. வாஷருக்கும் நட்டுக்கும் உட்பக்கமாக, சுற்றிச் சுற்றி, ஒரு மயிரிழைத் தண்ணீர் பதினேழு நாளாக நடந்து வந்திருக்கிறது. நட்டை நான் எத்தனை சுற்று இறுக்கியிருந்தாலும் அந்தப் பாதை அடைந்திருக்காது.

"மாட்டுறப்பவே கவனிச்சிருக்கணும்ணே. கடையில குடுத்ததைக் கொண்டாந்து மாட்டிட்டேன்" என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒரு பாத்ரூமுக்கு இத்தனைன்னு மொத்தமாப் பேசித்தாண்ணே வேலை எடுக்கிறோம். அன்னைக்கு உங்க வீட்டை முடிச்சிட்டு ரெண்டு மணிக்கு இன்னொரு இடத்துல நிக்கணும். தண்ணிய நிப்பாட்டி வச்சுப் பாக்கணும்னா அரைமணி நேரம் வேணும். யார் வீட்லயும் அந்த அரைமணி நேரத்துக்கு உட்கார விடமாட்டாங்கண்ணே. சும்மா உட்கார்ந்திருக்கான்னு நெனைப்பாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள் இறங்கிவிட்டது. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. "முடிஞ்சிருச்சா தம்பி, முடிஞ்சிருச்சா?" என்று மூன்று முறை கேட்டது நான்தான். அன்று சாயங்காலம் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவதாக இருந்தது. குழாயைத் திறந்து காட்டினார். தண்ணீர் வந்தது, போனது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ஓடுகிற தண்ணீரை மட்டும்தான் இரண்டு பேரும் பார்த்தோம். நிற்கிற தண்ணீர் என்ன செய்கிறது, போய் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க இருவருக்குமே நேரம் இல்லை. அவருக்கு நேரம் இல்லாமல் செய்ததில் என் பங்கும் இருந்தது.

மற்ற வேலைகளில் இந்தத் தவறை நாம் செய்வதில்லை. தளம் போட்டால் மறுநாளே கொத்தனார் மேலே ஏறி, கலவையால் சின்னச் சின்ன வரப்புக் கட்டி, வயல் மாதிரிப் பாத்தி பிரித்துத் தண்ணீர் நிறுத்துவார். குறைந்தது ஒரு வாரம் அந்தத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர்களே காலையும் மாலையும் மொட்டை மாடிக்குப் போய் ஊற்றிவிட்டு வருவார்கள். சிமெண்ட் இறுகுவதற்கு அதன் நாள் வேண்டும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவசரப்படுத்தினால் தளம் தலையில் விழும் என்ற பயம் இருக்கிறது. வாஷ்பேசினுக்கு அடியில் ஒழுகினால் யார் தலையிலும் எதுவும் விழாது. ஆகவே அதற்கு நாம் நாள் கொடுப்பதில்லை, அரைமணி நேரமும் கொடுப்பதில்லை. பயம் இருக்கிற இடத்தில் மட்டும் பொறுமை இருப்பது பொறுமை ஆகாது.

குழாய் வேலையைப் பற்றி அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாம் சொல்லும் பிளம்பர் என்ற சொல்லுக்குள் ஈயம் இருக்கிறது. லத்தீனில் ஈயத்துக்கு 'பிளம்பம்' என்று பெயர். ரோமாபுரியில் ஈயக் குழாய் செய்தவர்களிடமிருந்து வந்த பெயர். ஈயம் மெத்தென்றது, தட்டினால் வளையும், எளிதில் உருகும். இணைப்பில் ஊற்றினால் இடைவெளியைத் தானே தேடி நிரப்பும். அது உடம்புக்குக் கெடுதல் என்பதை அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டு, தண்ணீருக்கு மண்குழாயே நல்லது என்று விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் எழுதிவைத்தார். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க கீழடியில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த பொருட்களில் சுடுமண் குழாய்களும் உண்டு, ஒன்றோடொன்று பொருத்திய நிலையில். எந்த ஊரிலானாலும் குழாய் செய்வது குயவருக்கோ கன்னாருக்கோ எளிய காரியம். ஒரு குழாயும் அடுத்த குழாயும் சேரும் அந்த இரண்டு விரற்கடை இடத்தில்தான் அறிவு முழுவதும் செலவாகியிருக்கிறது.

என் சிறுவயதில் குழாய்க்காரர்கள் மரையில் நூல் சுற்றி, மேலே வெள்ளைப் பசை தடவி முறுக்குவார்கள். இப்போது எல்லோர் பையிலும் இருப்பது டெஃப்லான் டேப். அது கிடைத்த கதை எனக்குப் பிடிக்கும். 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலாளர் குளிர்பதனப் பெட்டிக்கான வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். வாயு நிரப்பிவைத்த ஓர் உருளையைத் திறந்தால் எதுவும் வரவில்லை. காலி என்று தூக்கிப் போட்டிருக்கலாம். எடையைப் பார்த்தால் குறையாமல் அப்படியே இருந்தது. உருளையை அறுத்துத் திறந்தார்கள். உள்ளே மெழுகு போல வழுக்கும் வெள்ளைத் தூள். கண்ணுக்குக் காலியாகத் தெரிந்ததை எடை போட்டுப் பார்த்த ஒருவர் இருந்ததால் கிடைத்த பொருள் அது. காய்ந்தது போலத் தெரிந்த தரையில் கால் வைத்துப் பார்த்த அம்மாவை நான் அவரோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

பாட்டில் ட்ராப்பைக் கழற்றியபோது அதன் குடுவையில் தண்ணீர் நின்றது. அது அங்கே நிற்க வேண்டிய தண்ணீர். சாக்கடையின் நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே ஏறி வராமல் தடுக்கும் கதவு அதுதான். வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீரை நிறுத்தி, தண்ணீரையே தடுப்பாக்கலாம் என்ற எண்ணத்துக்கு 1775-இல் இலண்டனில் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். தொழிலால் அவர் கடிகாரம் செய்பவர். இன்று உலகத்தில் எத்தனையோ வீடுகளில் கழிவறைக்கும் அடுப்படிக்கும் கீழே அந்த வளைவு ஏதோ ஓர் உருவத்தில் இருக்கிறது. ஒரே குழாய்க்குள் இரண்டு விரல் தூரத்தில், நிற்க வேண்டிய தண்ணீரும் நிற்கக் கூடாத தண்ணீரும் இருக்கின்றன. எது எங்கே நிற்கலாம் என்று தெரிந்து வைத்திருப்பவர்தான் நல்ல குழாய்க்காரர்.

அப்பாவுக்கு அது தெரியும். மேலூர்ப் பக்கம், பெரியாற்றுக் கால்வாய் பாய்கிற வயல் எங்களுக்கு. நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிறுத்திய பிறகு அவருடைய பாதி வேலை நண்டோடுதான். நண்டு வரப்பில் வளை போடும். ராத்திரியோடு ராத்திரியாக நம் வயல் தண்ணீர் அந்த வளை வழியாகப் பள்ளத்து வயலுக்கு இறங்கிவிடும். விடிந்து பார்த்தால் நாற்றின் அடியில் சேறு மட்டும் கிடக்கும். அப்பா மண்வெட்டியோடு வரப்பில் நடந்து, குனிந்து, காது கொடுத்துக் கேட்பார். வளையின் வெளிவாயை அடைக்க மாட்டார். உள்வாய் எங்கே என்று தண்ணீருக்குள் காலால் துழாவிக் கண்டுபிடித்து, களிமண்ணும் புல்லும் சேர்த்துப் பிசைந்து, அங்கே வைத்து மிதிப்பார். அடைத்த பிறகு வீட்டுக்கு வர மாட்டார். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிக்கும்வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "கலங்கலா வந்தாப் பயப்படணும்டா, மண்ணு போகுதுன்னு அர்த்தம். தெளிவாக் கசிஞ்சாப் பாத்துக்கிடலாம்" என்பார்.

அந்த வயலுக்குத் தண்ணீர் அனுப்புகிற பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல்தூளும் சேர்த்துக் கட்டியது. அணையைப் பார்வையிடப் போகும் பொறியாளர்கள் கசிவுநீர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து குறித்துக்கொள்கிறார்கள். கல்லாலும் காரையாலும் கட்டிய அணையில் கசிவே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அது நேற்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அணைக்கட்டிலும் வரப்பிலும் உட்கார்ந்து பார்ப்பது வேலையில் ஒரு பாகம். அப்பா வெற்றிலை போட்ட நேரத்தை யாரும் சும்மா இருந்த நேரம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடைக்கு அந்தத் தம்பியோடு நானும் போனேன். ஃபுல் த்ரெட் கப்ளிங் சில நூறு ரூபாய்தான். வீட்டுக்கு வந்ததும் அவர் பேசினின் துளையைச் சுற்றி மேலும் கீழும் பழைய பிசினைச் சுரண்டி, காய்ந்த துணியால் இரண்டு தடவை துடைத்தார். "ஈரம் இருந்தா சிலிக்கான் பிடிக்காதுண்ணே." கப்ளிங்கின் தட்டுக்கு அடியில் ஒரு வளையமாக சிலிக்கான் வைத்து மேலிருந்து இறக்கினார். வாஷர் உட்காரும் இடத்து மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினார். நட்டு இறுகுகிற திசையிலேயே சுற்ற வேண்டுமாம். எதிர்த்திசையில் சுற்றினால் நட்டு ஏறும்போதே டேப்பைச் சுருட்டித் தள்ளிவிடும். முதலில் ரப்பர் வாஷர், அதற்குக் கீழே வழுவழுப்பான பிளாஸ்டிக் வாஷர், பிறகு நட்டு. நடுவில் அந்தப் பிளாஸ்டிக் எதற்கு என்று கேட்டேன். "நட்டு திரும்புறப்ப ரப்பரையும் சேத்து முறுக்காம இருக்கணும்ல." கையால் போகிறவரை முறுக்கினார். அதற்கு மேல் ஸ்பேனரால் கால் சுற்றுக்கும் குறைவாக, ரப்பர் லேசாக அமுங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இறுக்கி நிறுத்தினார். அந்தக் கை நிறுத்திய இடம்தான் தொழில்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் தண்ணி விடாதீங்கண்ணே" என்றார். அன்று வீட்டில் யாரும் விடவில்லை. அம்மா கொல்லைக்குப் போகாமல் ஒரு செம்பில் தண்ணீர் வாங்கி முற்றத்தில் வாய் கொப்பளித்தாள்.

மறுநாள் காலை அவரே வந்தார். பேசினில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பினோம். பெட்டிக்குள் பழைய தாளை விரித்தோம். குளியலறை வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, அவரும் நானும் உட்கார்ந்தோம். அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "உக்காருப்பா, அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள். அவர் முதலில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பாதிக் காப்பியில்தான் முதுகைச் சாய்த்தார். தொழில் கற்றது எங்கே, எத்தனை வருஷம் ஆனது என்று பேசிக்கொண்டிருந்தோம். அரைமணி கழித்து அடைப்பை எடுத்துத் தண்ணீரை ஒரே மூச்சாகப் போகவிட்டோம். போன பிறகு இன்னும் பத்து நிமிடம். பிறகு அவர் படுத்து, கையை உள்ளே விட்டு, நட்டைச் சுற்றிலும் காய்ந்த தாளால் துடைத்து எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். தாள் மொடமொடவென்று இருந்தது. கப்ளிங் விலைக்கும் வேலைக்கும் மேலே, உட்கார்ந்திருந்த நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தேன். அவர் அந்தக் கூடுதல் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அது இனாம் இல்லை, கூலி என்று சொன்ன பிறகுதான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பெட்டியின் கதவை எடுத்துவிட்டேன். குழாய்கள் வெளியே தெரிகின்றன, தெரியட்டும்.

உங்கள் வீட்டில் புதிதாகக் குழாய் வேலை நடந்தால், கூலி பேசும்போதே அரைமணி நேரத்தைச் சேர்த்துப் பேசுங்கள். தண்ணீரை நிரப்பி நிறுத்துங்கள். கீழே ஒரு காய்ந்த தாளை விரியுங்கள். வேலை செய்தவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்து, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வேலையின் கடைசிப் பாகத்தைச் செய்துகொண்டிருக்கிறார்.